யானைக்காலை வளர்த்தது சேற்றுப்புண்: ஒரு நிகழ்வு ஆய்வு

வயது 44. ஊர் கடலூர் மாவட்டத்தின் கடலோரக் கிராமம். நாற்று நடவு, களை பறிப்பு என்று ஆண்டில் பாதி நாள் சேற்றில் நிற்கும் கூலி வேலை. வலது கால் மட்டும் வீக்கம், ஒன்பது வருடமாக. கடந்த ஒரு வருடத்தில் ஐந்து முறை குளிர்காய்ச்சலோடு படுக்கை.

இவர் ஒரே ஆள் அல்லர். யானைக்கால் சிகிச்சைக்கு வருபவர்களிடம் திரும்பத் திரும்பத் தென்படும் வரலாற்றைக் கோத்து, அளவுகளையும் கணக்கு விளங்கும்படி வைத்துப் பாடத்துக்காக அமைத்த நிகழ்வு இது. திசுக்களில் கசியும் நீரை இரத்தத்துக்குத் திருப்பும் நாளங்களும் கணுக்களும் சேர்ந்ததே நிணநீர் மண்டலம். அதன் உடற்கூற்றைப் படமாக மனப்பாடம் செய்வதைவிட, அது கெட்டுப்போன ஒரு காலை வைத்துப் படிப்பது எளிது. எந்த இடத்தில் என்ன வேலை நடந்துகொண்டிருந்தது என்பது அந்த வேலை நின்ற பிறகுதான் கண்ணுக்குத் தெரிகிறது.

வரலாறு

முதல் இரண்டு வருடம் வீக்கம் சாயங்காலம் வரும், படுத்து எழுந்தால் காலையில் வற்றிவிடும். கொலுசு இறுகும், பிறகு தளரும். அதனால் யாரும் பொருட்படுத்தவில்லை. மூன்றாம் வருடம் ஒரு காய்ச்சல். அதற்குப் பிறகு வீக்கம் காலையிலும் முழுதாக வற்றவில்லை. அவர் சொன்ன வரிசை முக்கியம்: “மொதல்ல தொடையிடுக்குல நெறி கட்டும். கொஞ்ச நேரத்துல குளிரு தூக்கிப் போடும். அப்புறம் காலு செவந்து நெருப்பாட்டம் கொதிக்கும். நாலு நாள்ல காய்ச்ச விட்டுடும், ஆனா காலு பழைய அளவுக்குத் திரும்பாது.”

கடைசி வாக்கியத்தில்தான் நோயின் போக்கு முழுவதும் இருக்கிறது. வீக்கம் நாளுக்கு நாள் சீராக ஏறவில்லை. ஒவ்வொரு காய்ச்சலுக்கும் ஒரு படி ஏறியிருக்கிறது. படிக்கட்டு போல.

இதுவரை எடுத்த மருத்துவம்: யானைக்கால் புழுவுக்கான டி.இ.சி. மாத்திரை 12 நாள் வீதம் எட்டுத் தடவை. நீர் பிரியும் மாத்திரை ஃபுரோசமைடு, விட்டு விட்டு இரண்டு வருடம். காய்ச்சல் வரும்போது ஒரு ஊசி. வீட்டில் நொச்சி இலை போட்ட வெந்நீர் ஒத்தடம், சூடான எண்ணெய் தேய்த்து மேலிருந்து கீழாக உருவுதல். காலைக் கழுவிக் காயவைப்பது பற்றி யாரும் எதுவும் சொன்னதில்லை.

பரிசோதனை

இதயம், கல்லீரல், சிறுநீரகம் காரணமான வீக்கம் பெரும்பாலும் இரண்டு காலிலும் சமமாக வரும். இங்கே ஒரே கால். சிறுநீரில் புரதம் இல்லை. சுருள் நரம்பு இல்லை, கணுக்காலின் உட்பக்கத்தில் கருமையோ சிரைப்புண்ணோ இல்லை. பாதத்தின் நாடித்துடிப்பு இரண்டு பக்கமும் நன்றாகக் கிடைத்தது. கட்டுப்போடுவதற்கு முன் இந்த நாடியைத் தொட்டுப் பார்த்தே ஆக வேண்டும். தமனி அடைப்புள்ள காலில் அழுத்தக்கட்டு போட்டால் விரல் போய்விடும்.

இரண்டாம் கால்விரலின் அடிப்பகுதியில் தோலை இரு விரலால் கிள்ளித் தூக்கிப் பார்க்க வேண்டும். இடது காலில் மெல்லிய மடிப்பாக எழும்பியது. வலது காலில் கிள்ளவே முடியவில்லை, தோல் கித்தான் துணி போல் தடித்திருந்தது. நிணநீர் வீக்கத்தைக் காட்டும் ஸ்டெம்மர் குறி என்பது இதுதான். கருவி எதுவும் தேவையில்லை, அரை நிமிடம் போதும், ஆனால் புறநோயாளிப் பிரிவின் அவசரத்தில் அதிகம் விட்டுப்போவதும் இதுதான்.

முன்னங்காலில் கட்டைவிரலால் அழுத்தினால் குழி விழுந்தது, ஆனால் ஆழமில்லை. கணுக்காலில் ஆழமற்ற மடிப்பு ஒன்று. முடிச்சுகளோ பாசி படர்ந்ததுபோன்ற சொரசொரப்போ இல்லை. டிரேயர் வகைப்பாட்டின் ஏழு நிலைகளில் இது மூன்றாவது. ஒரே இரவில் வற்றும் வீக்கம் முதல் நிலை, வற்றாதது இரண்டாவது, ஆழமற்ற மடிப்பு விழுந்தால் மூன்றாவது, முடிச்சு தோன்றினால் நான்காவது, ஆழ்ந்த மடிப்பு ஐந்தாவது, பாசிப் புடைப்பு ஆறாவது, அன்றாட வேலையைத் தானே செய்ய முடியாத நிலை ஏழாவது.

பிறகு விரலிடுக்கு. நான்காம், ஐந்தாம் விரல்களுக்கு நடுவே தோல் ஊறி வெள்ளையாகிக் கிடந்தது. விரித்துப் பார்த்தால் அடியில் அரை அங்குல வெடிப்பு, லேசான நாற்றம். சேற்றுப்புண். அவர் அதை ஒரு குறையாகச் சொல்லவே இல்லை. கேட்டபோது, “அது நடவுக்குப் போற எல்லாருக்கும் இருக்கறதுதானே டாக்டரம்மா” என்றார். எல்லாருக்கும் இருப்பது உண்மைதான். வடிகால் சரியாக இருக்கும் காலில் அது அரிப்போடு போய்விடும். இந்தக் காலில் போகாது.

அளவு எடுக்கும்போது உள்ளங்காலிலிருந்து 10, 20, 30 சென்டிமீட்டர் உயரத்தில் பேனாவால் குறியிட்டு, இழுத்து இறுக்காமல் டேப்பைச் சுற்றிச் சுற்றளவு குறிக்கப்பட்டது. வலது: 32, 36, 41 செ.மீ. இடது: 22, 28, 33 செ.மீ. இரண்டு குறிகளுக்கு நடுவே உள்ள துண்டை வெட்டிய கூம்பாகக் கொண்டால், கீழ்ச் சுற்றளவின் வர்க்கம், இரண்டு சுற்றளவுகளின் பெருக்கல், மேல்ச் சுற்றளவின் வர்க்கம் ஆகிய மூன்றையும் கூட்டி, உயரத்தால் பெருக்கி, 37.7 ஆல் வகுத்தால் கன அளவு மில்லிலிட்டரில் கிடைக்கும். வலது காலின் முதல் துண்டு: 1024 + 1152 + 1296 = 3472; பத்தால் பெருக்கி 37.7 ஆல் வகுத்தால் 921 மி.லி. இப்படியே இரண்டு துண்டும் சேர்த்து வலது 2102 மி.லி., இடது 1242 மி.லி. மிகை 860 மி.லி. “கொஞ்சம் குறைந்த மாதிரி இருக்கு” என்ற பேச்சுக்கெல்லாம் இந்த எண்தான் பதில். டேப்பு மலிவாகக் கிடைக்கும். ஒவ்வொரு முறையும் அதே நேரத்தில், அதே உயரத்தில் அளக்க வேண்டும், அவ்வளவுதான்.

அந்த 860 மில்லி எந்த வழியாகப் போயிருக்க வேண்டும்

இரத்தத் தந்துகிகள் முழுக்க அடைபட்ட குழாய்கள் அல்ல. நாள் முழுவதும் அவற்றிலிருந்து நீரும், அதோடு சிறிது ஆல்புமின் போன்ற புரதமும் திசுக்களுக்குள் கசிந்துகொண்டே இருக்கும். கசிந்ததில் பெரும்பகுதி தந்துகியின் சிரை முனையிலேயே திரும்ப உறிஞ்சப்படுகிறது, மிச்சம் மட்டும் நிணநீராகிறது என்றுதான் பழைய பாடநூல்கள் சொல்லின. இப்போதைய புரிதலில் பெரும்பாலான திசுக்களில் அந்த மறு உறிஞ்சல் நீடித்து நடப்பதில்லை. திசுவிலிருந்து நீர் திரும்பும் முக்கிய வழி நிணநீர் நாளமே. நீருக்காவது மாற்று வழி உண்டென்று வாதாடலாம், புரதத்துக்கு இல்லை. வெளியேறிய புரதம் இரத்தத்துக்குத் திரும்ப இது ஒன்றே பாதை. மார்பு நிணநீர்க் குழாய் நாளொன்றுக்கு 2 முதல் 4 லிட்டர் வரை இரத்தத்தில் கொண்டுசேர்க்கிறது. உடம்பின் மொத்தப் பிளாஸ்மாவே சுமார் 3 லிட்டர்தான் என்பதோடு ஒப்பிட்டால் இதன் எடை புரியும்.

பாதை தோலின் உள்ளடுக்கில் தொடங்குகிறது. மேல்தோலில் நிணநீர் நாளம் கிடையாது. உள்தோலில் விரல் போல நுனி மூடிய நுண்நாளங்கள் உண்டு. இவற்றின் சுவர் ஒற்றை அடுக்குச் செல்களால் ஆனது. ஒரு செல்லின் ஓரம் அடுத்த செல்லின் மேல் ஓடு வேய்ந்ததுபோல் படிந்திருக்கும். வெளியிலிருந்து தள்ளினால் திறக்கும், உள்ளிருந்து தள்ளினால் மூடிக்கொள்ளும். சுவரைச் சுற்றியுள்ள திசுவோடு மெல்லிய நூலிழைகள் பிணைத்திருப்பதால், திசுவில் நீர் கூடி வீங்கும்போது நாளம் நசுங்குவதற்குப் பதிலாக இழுபட்டு இன்னும் விரிகிறது. நீர் அதிகமாகும் நேரத்தில் வாசலும் அதிகம் திறக்கும் ஏற்பாடு இது. தோல் தடித்து நாராகிப்போனால் இந்த இழைகளால் பயனில்லை.

நுண்நாளங்கள் கூடிச் சேகரிப்பு நாளங்கள் ஆகின்றன. இவற்றுக்குச் சுவரில் தசை உண்டு, உள்ளே சில மில்லிமீட்டருக்கு ஒரு வால்வு உண்டு. இரண்டு வால்வுக்கு நடுவே உள்ள துண்டுக்கு லிம்பாஞ்சியான் என்று பெயர். ஒவ்வொன்றும் தனித்தனிக் குட்டி இதயம்: நிரம்பினால் சுருங்கி அடுத்ததற்குத் தள்ளும். நடக்கும்போது கெண்டைக்கால் தசையின் அழுத்தமும், தொடைத் தமனியின் துடிப்பும், மூச்சிழுப்பும் உதவிக்கு வரும். அசையாமல் நிற்கும்போது கணுக்கால் சிரையில் அழுத்தம் 80, 90 மி.மீ. பாதரசம் வரை ஏறும்; நடந்தால் 20, 30க்கு இறங்கும். குனிந்தபடி மணிக்கணக்கில் சேற்றில் மெதுவாகப் பின்வாங்கும் நடவு வேலை எந்தப் பக்கம் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

காலில் மேலோட்டமாக ஒன்று, தசைக்குள் ஆழமாக ஒன்று என இரண்டு தொகுதி. பாதத்தின் உட்பக்கத்திலிருந்து வரும் மேலோட்ட நாளங்கள் பெரிய சஃபீனஸ் சிரையோடு ஒட்டி மேலேறித் தொடையிடுக்குக் கணுக்களுக்குப் போகும். பாதத்தின் வெளியோரமும் குதிகாலும் சிறிய சஃபீனஸ் சிரையைப் பின்தொடர்ந்து முழங்காலுக்குப் பின்னுள்ள கணுக்களில் சேரும். அங்கிருந்து ஆழ்நாளங்கள் வழியாகத் தொடையிடுக்கின் ஆழக் கணுக்களுக்கு. சுண்டுவிரல் இடுக்கில் புண் இருக்கும்போது நெறி ஏன் தொடையிடுக்கில் கட்டுகிறது என்பதற்கு விடை இதில் இருக்கிறது: எந்த வழியில் ஏறினாலும் கடைசியில் அந்த வாசலைக் கடந்தே ஆக வேண்டும். ஊர்ப்பேச்சில் நெறி என்பதும் நிணநீர்க் கணு என்பதும் ஒன்றே. அது எப்போதும் அங்கே இருக்கிறது, வேலை கூடும்போது மட்டும் கைக்குத் தட்டுப்படுகிறது.

தொடையிடுக்கிலிருந்து இடுப்பெலும்புக் குழிக்குள், பிறகு மகாதமனியின் இருபுறமும், பிறகு முதல் இரண்டு இடுப்பு முள்ளெலும்புகளுக்கு முன்னால் சிஸ்டெர்னா கைலி என்ற சிறு பை. குடலிலிருந்து கொழுப்பைச் சுமந்துவரும் பால் நிற நிணநீரும் இங்கேதான் கலக்கிறது. அங்கிருந்து தொடங்கும் மார்பு நிணநீர்க் குழாய் உதரவிதானத்தின் மகாதமனித் துளை வழியாக மார்புக்குள் நுழைந்து, முதுகெலும்பின் வலப்பக்கமாக ஏறி, மார்பின் நடுவில் இடப்பக்கம் தாண்டி, இடது கழுத்துச் சிரையும் காறையடிச் சிரையும் சேரும் மூலையில் இரத்தத்தில் கலக்கிறது. வலது கை, வலது மார்பு, தலையின் வலப்பாதி மட்டும் வலப்பக்கத்தில் தனியாக வடிகிறது. மற்ற உடம்பெல்லாம், நம் நோயாளியின் வலது கால் உட்பட, கழுத்தின் இடப்பக்கத்துக்குத்தான் போய்ச் சேர்கிறது.

புழு செய்தது என்ன

உச்சேரேரியா பாங்க்ராஃப்டி. பெண் புழு 8 முதல் 10 செ.மீ. நீளம், தையல் நூல் தடிமன். ஆண் அதில் பாதி. கழிவுநீரில் பெருகும் கியூலெக்ஸ் கொசு கடிக்கும்போது இளம்புழு தோலில் விழுந்து, கடிவாய் வழியாக உள்ளே போய், நிணநீர் நாளத்தைத் தேடிப் பிடித்து அங்கேயே குடியேறுகிறது. ஐந்து முதல் எட்டு வருடம் வாழும். அது ஈனும் நுண்புழுக்கள் இரத்தத்தில் இரவு 10 முதல் 2 மணி வரை அதிகம் சுற்றும், கொசுவின் நேரத்துக்கு ஒத்தாற்போல். 1872ல் கல்கத்தாவில் டிமதி லூயிஸ் மனித இரத்தத்தில் இவற்றைக் கண்டார். 1877ல் சீனத்தின் அமோய் துறைமுகத்தில் பேட்ரிக் மேன்சன் இவை கொசுவுக்குள் வளர்வதைக் காட்டினார்.

புழுக்கூட்டம் குழாயை அடைத்துக்கொள்கிறது, அதனால் வீக்கம் என்பது பரவலான விளக்கம். பாதிதான் சரி. உயிரோடுள்ள புழு இருக்கும் நாளத்தை அல்ட்ராசவுண்டில் பார்த்தால் அது அடைபட்டிருக்காது, அளவுமீறி விரிந்திருக்கும். உள்ளே புழுக்கள் நெளிவதும் தெரியும். நாளம் விரிந்தால் வால்வின் இதழ்கள் நடுவில் சந்திக்காது. கிணற்று மோட்டாரின் ஃபுட் வால்வு தேய்ந்தால் ஏறிய தண்ணீர் மறுபடி கீழே இறங்குமே, அதே கோளாறு. மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் மேலே நிற்பதில்லை. புழு சாகும்போதுதான் அதைச் சுற்றி அழற்சி கிளம்பி, தழும்பாகி, உண்மையான அடைப்பு சில இடங்களில் வருகிறது.

இந்த நிலையிலும் பலருக்கு வெளியே எதுவும் தெரியாது. தொற்று உள்ளவர்களில் பெரும்பாலோருக்குக் கால் வீங்குவதே இல்லை. நாளங்களுக்கு மிச்சத் திறன் உண்டு, பக்கவழிகள் திறந்துகொள்ளும். எனவே புழு வடிகாலின் கையிருப்பைத் தின்றுவைத்தது என்று சொல்வதே பொருத்தம். கையிருப்பு தீர்ந்த காலில் அடுத்த அடி யார் கொடுத்தாலும் அது தாங்காது.

அடுத்த அடி

நிணநீர்க் கணு ஒரு வடிகட்டி என்று பள்ளிப்பாடம் சொல்லும். வடிகட்டி என்ற சொல் அதன் வேலையைச் சிறியதாக்கிவிடுகிறது. அவரை விதை வடிவில் உள்ள அந்தக் கணுவின் குவிந்த பக்கத்தில் பல நாளங்கள் உள்ளே வருகின்றன, குழிந்த பக்கத்தில் ஒன்றிரண்டு வெளியேறுகின்றன. வரும் நிணநீர் விளிம்புக் குழிகளில் வேகம் குறைந்து பரவுகிறது. அங்கே விழுங்கு செல்கள் கிருமியைப் பிடிக்கின்றன. தோலிலிருந்து கிருமியின் துணுக்கைச் சுமந்து நாளத்தோடு நீந்திவரும் டென்ட்ரிடிக் செல்கள் உள்ளே டி செல்கள் என்ற தற்காப்புச் செல்களிடம் அதைக் காட்டுகின்றன. வெளியடுக்கின் உருண்டைத் திரள்களில் பி செல்கள் பெருகி எதிர்ப்பொருள் செய்யும் செல்களாக மாறுகின்றன. புதிய டி, பி செல்கள் இரத்தத்திலிருந்து கணுவுக்குள் இறங்கத் தனி வாசலாகச் சில நுண்சிரைகளே உண்டு. உடம்பில் 600 முதல் 800 வரை இப்படிப்பட்ட கணுக்கள்.

இதெல்லாம் நடக்க ஒரே ஒரு நிபந்தனை: நிணநீர் ஓட வேண்டும். செய்தி கணுவுக்குப் போய்ச் சேராவிட்டால் அங்கே எத்தனை செல் காத்திருந்தும் என்ன?

வடிகால் தேங்கிய காலில் விரலிடுக்கு வெடிப்பு வழியாக ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியா நுழைகிறது. திசுவில் புரதம் நிறைந்த நீர், அதாவது கிருமிக்கு நல்ல சோறு. பிடிக்க வேண்டிய செல்கள் தாமதமாக வருகின்றன. கிருமி பெருகி, தோல், நாளம், கணு மூன்றையும் ஒருசேரத் தாக்குகிறது. நெறி, குளிர், சிவப்பு, கொதிப்பு. இந்த அழற்சி அடங்கும்போது இன்னும் சில நாளங்கள் தழும்பாகிவிடும், தோலுக்கடியில் நாரும் கொழுப்பும் கூடும். வடிகால் இன்னும் குறையும், கிருமி இன்னும் எளிதாக நுழையும். கால் பழைய அளவுக்குத் திரும்பாது என்று அவர் சொன்னதன் பொருள் இதுதான்.

ஊரில் இதற்குப் பெயர் யானைக்கால் காய்ச்சல். புழுதான் காய்ச்சலைக் கிளப்புகிறது என்று எண்ணியே ஒவ்வொரு தடவையும் டி.இ.சி. கொடுக்கப்பட்டிருக்கிறது. புழு செத்து வரும் அழற்சியும் உண்டு, ஆனால் அதன் முகம் வேறு: கணுவிலோ நாளத்திலோ ஒரு முடிச்சு, அங்கிருந்து கீழ்நோக்கி இறங்கும் சிவந்த கயிறு போன்ற கோடு, காய்ச்சல் லேசு, தானாகவே அடங்கும். இவருக்கு வந்தது அது அல்ல. குளிர் நடுக்கமும், கால் முழுக்கப் பரவும் சிவப்பும், விரலிடுக்கில் திறந்த வாசலும் சேர்ந்து வந்தால் அது பாக்டீரியா.

இரத்தப் பரிசோதனையும் அதோடு ஒத்துப்போனது. இரவு எடுத்த பூச்சில் நுண்புழு இல்லை. புழு விடும் பொருளை விரல்நுனி இரத்தத்தில் பத்து நிமிடத்தில் பார்க்கும் ஆன்டிஜென் பட்டையும் எதிர்மறை. “பரிசோதனையில் ஒன்றுமில்லை, அப்படியென்றால் யானைக்கால் இல்லை” என்று திருப்பி அனுப்பும் தவறு இந்த இடத்தில்தான் நடக்கிறது. நாள்பட்ட வீக்கத்தில் எதிர்மறையாக வருவதே வழக்கம். புழு போய்விட்டது, சேதம் நிற்கிறது.

முந்தைய மருத்துவம் ஏன் உதவவில்லை

டி.இ.சி. நல்ல மருந்து. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா போன எல்லாப்பிரகட சுப்பாராவின் தலைமையில், 1940களில் லெடர்லே ஆய்வகத்தில் உருவானது. காதி அங்கி அணிந்ததற்காக எம்.பி.பி.எஸ். மறுக்கப்பட்டு, அதைவிடக் குறைந்த பட்டத்தோடு வெளியேறியவர் அவர். மருந்தின் வேலை நுண்புழுக்களை ஒழிப்பதும் முதிர்ந்த புழுக்களில் ஒரு பகுதியைக் கொல்வதும். கிலோவுக்கு 6 மி.கி. கணக்கில், 50 கிலோ உள்ள ஒருவருக்கு நாளுக்கு 300 மி.கி., 12 நாள். தேய்ந்த வால்வைப் புதுப்பிக்க அதனால் ஆகாது. எட்டாவது சுற்று முதல் சுற்றைவிட எதையும் கூடுதலாகச் செய்திருக்க வழியில்லை. காய்ச்சல் கொதிக்கும் நேரத்தில் கொடுப்பதும் தவறு.

ஃபுரோசமைடு இரத்தத்திலிருந்து நீரை இழுத்து வெளியேற்றும். புரதம் திசுவிலேயே தங்கிவிடும். இரண்டு நாள் கால் இளைத்ததுபோல் தெரியும், பிறகு அந்தப் புரதமே நீரைத் திரும்ப இழுத்துக்கொள்ளும். நிணநீர் வீக்கத்துக்கு மட்டுமாக இதைக் கொடுக்கக் காரணமே இல்லை.

வெந்நீர் ஒத்தடம் இரத்தக் குழாய்களை விரித்துக் கசிவைக் கூட்டும். உணர்ச்சி மங்கிய தடித்த தோலில் கொப்புளமும் போடும். எண்ணெய் உருவியதில் திசையே தலைகீழ். மேலிருந்து கீழே உருவினால் நீர் பாதத்துக்குத்தான் போகும்.

செய்தது

முதலில் சேற்றுப்புண். ஒரு பேசின், ஒரு குவளை, வாசனையில்லாத சாதாரண சோப்பு, வெளுத்த பழைய பருத்தித் துணி இரண்டு. தண்ணீர் அறைச் சூட்டில் இருக்க வேண்டும். முழங்காலிலிருந்து தொடங்கிக் கீழே, மெதுவாக, நார் போட்டுத் தேய்க்காமல். மடிப்புக்குள்ளும் விரலிடுக்குகளிலும் துணியின் நுனியை நுழைத்து, அலசிய நீர் தெளியும்வரை. கழுவுவதில் எல்லாரும் கவனமாக இருப்பார்கள், காயவைப்பதில்தான் சறுக்கல். ஒற்றி எடுக்க வேண்டும், இடுக்கு ஒவ்வொன்றாக, துணியில் ஈரம் ஒட்டாமல் ஆகும்வரை. பிறகு வெடிப்பில் 1 சதவீத குளோட்ரிமசோல் களிம்பு மெல்லியதாக, விரல்களுக்கு நடுவே சிறு காஸ் துண்டு. காலை ஒரு முறை, வயலிலிருந்து திரும்பியதும் ஒரு முறை. முதல் தடவை செவிலியர் கழுவிக் காட்டினார், இரண்டாம் தடவை நோயாளியே செய்தார், அருகில் மகள் இருந்து பார்த்தார். சொல்லி மட்டும் அனுப்பினால் இது வீட்டில் நடப்பதில்லை.

களிம்பு நாலு வாரம் நிறுத்தாமல். வெடிப்பு பத்து நாளில் மூடிவிடும், அத்தோடு நிறுத்திவிடுவார்கள், பூஞ்சை திரும்பும்.

அடுத்தது காலைத் தூக்கி வைத்தல். இரவில் கட்டிலின் கால்மாட்டுப் பக்கம் இரண்டு செங்கல். பகலில் உட்காரும்போது முக்காலி, முழங்காலுக்கும் தாங்கல் கொடுத்து. இதய நோய் உள்ளவருக்கு இது கூடாது. கணுக்கால் அசைவு: பாதத்தை மேலே இழுத்து, கீழே அழுத்தி, வட்டமாகச் சுழற்றி, சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி, ஒவ்வொன்றும் பதினைந்து முறை. லிம்பாஞ்சியான் தளர்ந்த இடத்தில் கெண்டைத்தசைக்கு அந்த வேலையைக் கொடுப்பதே இதன் நோக்கம். காய்ச்சல் நாட்களில் உடற்பயிற்சி கிடையாது.

புண் முழுதும் ஆறிய பிறகே அழுத்தக்கட்டு. காலையில் எழுந்து நடமாடும் முன், விரல்களின் அடியிலிருந்து ஆரம்பித்து, குதிகாலை விடாமல் மூடி, ஒவ்வொரு சுற்றும் முந்தையதில் பாதியை மறைக்கும்படி முழங்காலுக்குக் கீழ் வரை. நீளாத வகைக் கட்டு. இழுவை கணுக்காலில் அதிகம், மேலே போகப்போகக் குறைவு. தலைகீழாகி மேலே இறுகினால் கட்டே அணையாகிவிடும். விரல்நுனி நீலமானாலோ மரத்தாலோ உடனே அவிழ்க்க வேண்டும். இரவில் கழற்றிவிட்டுக் காலை உயர்த்திக்கொள்ளலாம்.

செருப்பு, பட்டை அழுத்தாத எம்சிஆர் (மெத்தென்ற நுண்ணறை ரப்பர்) ரகம். வயலில் செருப்பு போட முடியாது என்பதில் வாதாடிப் பயனில்லை. கரையேறியதும் வாய்க்கால் நீரில் அல்ல, வீட்டுக் குழாய் நீரில் கழுவிக் காயவைக்க வேண்டும் என்பதே நடைமுறைக்கு ஒத்த அறிவுரை.

அடுத்த காய்ச்சல் வந்தால் செய்ய வேண்டியது ஒரு தாளில் எழுதிக் கொடுக்கப்பட்டது: படுக்கை, கால் உயரமாக, குளிர்ந்த நீரில் நனைத்த துணி, பாரசிட்டமால், அன்றே மருத்துவமனை. கட்டு வேண்டாம், ஒத்தடம் வேண்டாம். பெனிசிலின் ஒவ்வாமை இல்லாததால் அமாக்சிசிலின் 500 மி.கி. மூன்று வேளை, குறைந்தது எட்டு நாள். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டதும் நிறுத்தக் கூடாது. சுகாதாரம் சரியாக இருந்தும் திரும்பத் திரும்ப வந்தால் பென்சத்தின் பெனிசிலின் 12 லட்சம் அலகு, மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒரு ஊசி என்ற தடுப்பு முறை உண்டு. இவருக்கு அது பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடப்பட்டது.

வீட்டில் கணவருக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் கால் நன்றாகத்தான் இருந்தது. கணவருக்கு மட்டும் விரைவீக்கம், ஆறு வருடமாக வேட்டிக்குள் மறைத்து வைத்திருந்தார். இதே புழு, ஆண்களில் அதற்குப் பிடித்த இடம் விரைப்பையின் நிணநீர் நாளங்கள். அது அறுவை சிகிச்சையில் தீரும் என்பதே அவருக்குப் புதுச் செய்தியாக இருந்தது. வீட்டின் செப்டிக் டேங்க் காற்றுக்குழாய்க்கு வலை கட்டச் சொல்லப்பட்டது. கியூலெக்ஸ் அதன் வழியாகத்தான் கூட்டமாக வெளியேறும். ஆண்டுக்கொரு முறை ஊருக்கே கொடுத்துவந்த டி.இ.சி., ஆல்பென்டசோல் மாத்திரையை, முன்பு சாப்பிட்டபோது காய்ச்சல் வந்தது என்று மூத்த பையன் கடைசித் தடவை துப்பிவிட்டானாம். மாத்திரைக்குப் பின் வரும் காய்ச்சல் பெரும்பாலும் இரத்தத்தில் நுண்புழுக்கள் மொத்தமாகச் சாவதன் அடையாளம், அதாவது யாருக்குக் காய்ச்சல் வருகிறதோ அவருக்குத்தான் மாத்திரை மிகவும் தேவைப்பட்டிருக்கிறது. இதை மாத்திரை கொடுக்கும்போதே சொல்லிவிட்டால் பாதிச் சண்டை குறையும்.

இலங்கையில் யானைக்கால் ஒரு பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லாமல் ஒழிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் 2016ல் அறிவித்தது. பரவல் நின்றாலும் ஏற்கெனவே வீங்கிய கால்கள் அப்படியேதான் இருக்கும்; அதனால்தான் அந்த அறிவிப்புக்கே நோயாளிகளுக்குக் கால் பராமரிப்பு கிடைக்கிறது என்று காட்டுவதும் ஒரு நிபந்தனை.

போக்கு

ஆடியில் தொடங்கிய பராமரிப்பு. ஒரு மாதத்தில் விரலிடுக்கு உலர்ந்து தோல் மூடியது; நாற்றம் அதற்கு முன்பே போய்விட்டது. மூன்றாம் மாதம்வரை காய்ச்சல் இல்லை. ஐப்பசியில் சம்பா நடவு, தொடர்ந்து ஆறு நாள், இரவு திரும்பியதும் அசதியில் கழுவாமல் படுக்கை. ஏழாம் நாள் நெறி கட்டியது. இந்த முறை அவர் ஒத்தடம் வைக்கவில்லை. குளிர் வரும் முன்பே தாளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். நான்காம் ஐந்தாம் விரலுக்கு நடுவே பழைய இடத்திலேயே புது வெடிப்பு. எட்டு நாள் மருந்து, படுக்கை நான்கு நாளுக்குப் பதில் ஒன்றரை நாள்.

மார்கழி அளவு, அதே டேப்பு, அதே உயரம்: வலது 29, 34, 39 செ.மீ. இரண்டு துண்டும் சேர்த்து 1853 மி.லி. இடது மாறவில்லை. மிகை 860லிருந்து 611. ஸ்டெம்மர் குறி இன்னும் அப்படியேதான், தோல் கிள்ள வரவில்லை. கணுக்கால் மடிப்பு சற்று ஆழம் குறைந்திருக்கிறது. கொலுசு இன்னும் அந்தக் காலில் ஏறாது. மகள் இப்போது தினமும் அம்மாவின் விரலிடுக்குகளை டார்ச் அடித்துப் பார்க்கிறாள். இந்த முறை இடது காலின் நான்காம் இடுக்கில் தோல் வெளுக்கத் தொடங்கியிருப்பதைக் கண்டு சொன்னதும் அவள்தான். அந்தக் காலுக்கும் அன்றே களிம்பு தொடங்கப்பட்டது.